மச்சில் மினுங்கிய பொடி

எதிர்வீட்டுக்காரி சாயாவை நின்றுகொண்டுதான் குடிப்பாள். இரி மக்கா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டால், அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். பாதி குடிப்பதற்குள் விட்டுவந்த ஏதோ வேலை ஓர்மை வந்துவிடும். டம்ளரை ஜன்னல்படியில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து அவள் வீட்டுக்குள் போய்விடுவாள். மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற ரோடு அது. ரப்பர்த் தடி ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். அவள் இரண்டு பக்கமும் பார்த்து நான் கண்டதில்லை. லாரிக்காரன்தான் பிரேக் பிடிக்கவேண்டும்.

பேர் எழுதவில்லை. எழுதினால், அவள் இதை வாசித்துவிட்டு ஃபோன் செய்து, இந்த இடத்தில் கொஞ்சம் திருத்தணும் அக்கா என்று தொடங்கிவிடுவாள்.

கெட்டுப்போன சாமானைச் சரியாக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவள் நன்றாக ஓடுகிற சாமானைத்தான் திறப்பாள். எங்கள் மிக்ஸி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கூடுதலாக்கும் என்று தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது சத்தமே இல்லை, தேங்காயும் அரையவில்லை. மறுபடியும் கொண்டுபோனாள். அரைந்தது, சத்தமும் பழையபடி வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த வருத்தம் இருக்கிறதே, ஆள் செத்த வீட்டில்கூட அப்படி ஒரு முகம் வைத்து அவளை நான் பார்த்ததில்லை.

"ஒரு சின்ன வேல பாக்கி" என்பதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கும். கல்யாணம் ஏன் நிலைக்கவில்லை என்று ரேஷன் கடையில் யாரோ துருவிக் கேட்டதற்கும், அதிலயும் ஒரு சின்ன வேல பாக்கி என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். கேட்டவளுக்குத்தான் சிரிக்கத் தெரியவில்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் லேசர் டிவி உண்டாக்குகிற வேலையில் இருந்தவள். சாதாரண டிவியே பாயளவு பெரிசாக, மலிவாக வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று அந்தப் பகுதியை மூடிவிட்டார்களாம். கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். இவள் பழசு, பழுது என்று ஒதுக்கினதையெல்லாம் கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் மின்மினி. அது அவள் காதுக்கும் எட்டியது. மின்மினி வெளிச்சத்தில் சூடே கிடையாது தெரியுமா, அதுமாதிரி ஒண்ணு கிடைத்தால் என் பாதிப் பாடு தீர்ந்துவிடும் என்று அவர்களிடமே போய் விளக்கம் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரர் பலாச்சக்கை பறிக்க மரத்தில் ஏறி, கால் வழுக்கி, முதுகெலும்பு அடிபட விழுந்தது அந்த வருஷம்தான். மல்லாக்கக் கிடக்கவேண்டும், தலையை நிமிர்த்தக் கூடாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆயுசெல்லாம் ரப்பர் மரம் மரமாக நடந்து பால் வெட்டின மனுஷன். கிடந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். தூரத்தில் உள்ளது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே மங்கல்தான், தடித்த கண்ணாடி போடுவார். அதை நான் மாட்டிவிட்டால் கழற்றிப் போடுவார். என்னத்தப் பாக்க, என்பார். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார். கஞ்சி கொடுத்தால் குடிப்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்டர், உடம்பு தேறிவிடும், ஆள் தேறணும், என்றார். எனக்கு அந்த ஒரு பயம்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் சுவராகிவிட்டால் நான் யாரிடம் பேசுவேன்? வெளியாட்களிடம் எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது.

அவரைப் பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தாள். எங்களுடையது பழைய ஓட்டு வீடு, உள்ளே பலகை மச்சு. பலகை எல்லாம் புகை பிடித்துக் கறுத்திருக்கும்.

"அண்ணனுக்கு மச்சில டிவி வச்சுத் தாறேன்," என்றாள்.

ஒரு டிவியை வாங்கி மச்சில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கறையான் அரித்த பலகை, ராத்திரி அது இவர் நெஞ்சில் விழுந்தால் என்ன செய்ய என்று நானே அன்றைக்கு வாயைத் திறந்து சொன்னேன். சர்ச்சில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுகிற புரொஜெக்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தும் பார்த்தார்கள். மச்சில் வெள்ளைவேட்டியை இழுத்துக் கட்டியிருந்தோம். அது நடுவில் தொய்ந்திருந்ததால், நடுவில் தெளிந்தால் ஓரம் மங்கியது, ஓரம் தெளிந்தால் நடு மங்கியது. அதற்குள் ஓடுகிற காற்றாடிச் சத்தம் வேறு. எதிர்வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லேசருக்கு இந்தத் தொல்லையே இல்லை அக்கா, தொய்ஞ்ச துணியோ, ஓட்டுச் சரிவோ, எதில் அடிச்சாலும் தெளிவாட்டுதான் இருக்கும் என்றாள்.

எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லுவாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர். மூன்றையும் நூல்போல ஒன்றாக்கி, அரிசி பருமன் உள்ள முகம்பார்க்கிற கண்ணாடித் துண்டில் விடவேண்டும். கண்ணாடி படபடவென்று ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வரி வரியாகத் துணி முழுக்க ஓடும். அது ஓடுகிற வேகத்தில் நம் கண்ணுக்குப் படமாகத் தெரியும்.

"ஒத்தப் புள்ளியாக்கும் அக்கா இம்புட்டு ஓட்டமும் ஓடுது. நின்னா படம் இல்ல," என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு கொஞ்சல் இருக்கும்.

இந்த மாதிரி நிறம் எந்த டிவியிலும் வராது, கரண்டும் குறைச்சல், எவ்வளவு பெரிசாக வேண்டுமோ அவ்வளவு பெரிசாக்கலாம் என்று அடுக்குவாள். அப்படியென்றால் ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை என்று கேட்டேன். ஒரு சின்ன வேல பாக்கி என்றாள்.

அந்தச் சின்ன வேலை எவ்வளவு பெரிசு என்று பிறகுதான் கண்டேன். கட்டிலின் கால்மாட்டில் எந்திரத்தை வைத்தாள். லாரி போகும்போதெல்லாம் படம் துள்ளியது. மயிலாடிக்குப் போய், வழுவழுவென்று இழைத்த ஒரு கருங்கல் பலகை சொல்லி வாங்கி வந்தாள். இதுமேல எந்தச் சாமிய வைக்கப் போறிய என்று கல்தச்சர் கேட்டாராம். சாமி இன்னும் வரல்ல அண்ணாச்சி, வந்தா சொல்லுதேன் என்றாளாம். கல்லுக்கு அடியில் ரப்பர் ஷீட்டு மடித்துப் போட்டபிறகு துள்ளல் அடங்கியது.

மத்தியானம் ஆனால் சிவப்பு சோர்ந்துபோகும். சூடு அதற்கு ஆகாது. செய்தி வாசிக்கிறவள் முகம் பச்சையாகி, வயிற்றுக்கு முடியாதவள்போல இருப்பாள். எதிர்வீட்டுக்காரி ஈரத்துணி சுற்றின மண்கலயத்தைப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் காற்றாடியைத் திருப்பிவிட்டாள். சிவப்பு தேறியது, அந்தக் குளிர்ச்சியில் பச்சை வாடியது. சிவப்பும் நீலமும் நேராக வந்துவிடுமாம். அவளிடம் இருந்த பழைய பச்சைக்கு அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பிடித்து, மணி அளவு பளிங்கு வழியாக விட்டு, அதைப் பச்சையாக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பிணங்கிக்கொள்ளும். மூணும் மூணு மருமக்கள் அக்கா, ஒருத்திக்குப் பிடிச்சது மற்றவளுக்குப் பிடிக்காது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் மழை பெய்து ஈசல் கிளம்பின சாயங்காலம், ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று சுருங்கி ஒரு கோடானது. கோடு ஒரு புள்ளியானது. இறகு ஒன்று போய்க் கண்ணாடி ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஓடுகிறவரைக்கும் குற்றமில்லை, நின்றுபோன புள்ளி கண்ணில் விழுந்தால் கண்ணுக்குக் கேடு என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவள் கையில் சாயா இருந்தது. சாயாவோடு டம்ளரை எந்திரத்தின் வாயில் கவிழ்த்துவிட்டாள். கல்மேல் சாயா ஓடியது, அவள் கை வெந்தது. அவள் கையைப் பார்க்காமல், அண்ணன் கண்ணைத் திறந்திருந்தாரா, எந்தப் பக்கம் பார்த்தார் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் சுவரைத்தான் பார்த்துக் கிடந்தார். அந்த ஒரு தடவை அது நல்லதுக்காயிற்று. அதன்பிறகு, ஆட்டம் நின்றால் வெளிச்சம் தானாக அணைந்துபோகிற மாதிரி ஒன்று வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுப்படி ஏறினாள்.

இவ்வளவும் ஆகி, படம் நிற்காமல் ஓடத் தொடங்கினபோது புதுசாக ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். படம் முழுக்கப் பொடிப்பொடியாக மினுங்கியது. அரைத்த கண்ணாடியை அள்ளித் தூவினாற்போல. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அது கண்ணில் விழுந்த மண். கம்பெனியில் எங்களை முடித்ததே இந்தப் பொடிதான் என்றாள். லேசர் வெளிச்சம் துணியின் மேடுபள்ளத்தில் பட்டுத் தெறித்து, ஒன்றோடொன்று முட்டி, நம் கண்ணுக்குள் வந்து இப்படிப் பொடியாகிறதாம்.

அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுக்காரர் முகம் சுவரைவிட்டுத் திரும்பியது. சாயங்காலம் ஜன்னலை அடைத்து எந்திரத்தைப் போட்டதும் மேலே பார்ப்பார். பார்த்துக்கொண்டே கிடப்பார். ஒருநாள் அவள் வர நேரமானபோது, வந்தாளா என்று கேட்டார். நான் அடுக்களைக்குள் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

அவளுக்கோ அதெல்லாம் கண்ணில் படவில்லை. துணிக்கு ரப்பர்ப்பால் பூசினால் பொடி போய்விடும் என்று ஒரு புத்தி தோன்றியது. பாலுக்குள் புகுந்த வெளிச்சம் கலங்கி வருமாம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ரப்பர்ப்பால் ஈரத்தில்தான் வெள்ளை என்று. கட்டிலிலிருந்து அவர் வாயைத் திறந்தார்.

"காஞ்சா மஞ்சச்சுப் போவும் பிள்ளே."

மெல்லிசாகத் தேய்த்தால் தெரியாது என்று அவள் கேட்காமல் தேய்த்தாள். அன்றைக்குப் படம் பால்போல இருந்தது, பொடி குறைந்தும் இருந்தது. துணிக்கு அடியில் சுற்றிச் சுற்றி நடந்தாள், பாட்டுக்கூடப் பாடினாள். துணி காய்ந்ததும் நீலமெல்லாம் செத்து, படத்தில் தெரிந்த கடல் பால் விடாத கட்டன்சாயாபோல ஆகிவிட்டது. நாற்பது வருஷம் பால் வெட்டினவன் சொன்னா கேக்கமாட்டா என்று அவர் முனகினார். நான் வேறு வேட்டிக்குக் கஞ்சி போட்டேன்.

பிறகு ஒரு வாரம்போல ஆளையே காணவில்லை. எதிர்வீட்டிலிருந்து வண்டு முரளுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வந்தபோது செல்ஃபோன் அதிருவதற்கு உள்ளே இருக்குமே குட்டி மோட்டார், அதில் நாலு கொண்டுவந்தாள். துணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மூலைகளில் ஒட்டினாள். மோட்டார் ஓடியதும் துணி கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கியது. பொடி துடைத்தாற்போலப் போய்விட்டது. படம் கழுவிவைத்த இலைமாதிரி இருந்தது. அப்படி ஒரு பச்சையை நான் வயலில்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். ஒரு வேலையும் பாக்கி இல்ல அக்கா என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சநேரம் மேலே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கண்டுவிட்டாள். நிறத்தைக் கூட்டினாள், குறைத்தாள், படத்தை மாற்றினாள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டதை அவள் ஃபோனில் எடுத்துவைத்திருந்தாள், அதைப் போட்டாள். அவர் திரும்பவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்தநாளும். கஞ்சியைப் பாதியில் வேண்டாம் என்றார். எனக்கு மறுபடி அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் எங்கள் அறைக்கும் ரோட்டுக்கும் எத்தனை நடை நடந்தாளோ. கடைசியில் கட்டில் ஓரம் வந்து நின்று கேட்டாள்.

"என்ன குத்தம் அண்ணா? சொன்னாத்தானே சரியாக்க முடியும்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பொடியெல்லாம் எங்க பிள்ளே?"

"அத எடுத்துக் களஞ்சாச்சு. அதுதானே இம்புட்டு நாளும் கெடுத்துக்கிட்டிருந்தது."

"நீ காட்டுன படம் ஒண்ணும் நான் பாக்கல்ல. கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் பொகையாக்கும். அந்தப் பொடி மட்டும் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது. ஊசிமுனை மாதிரி. விழுந்ததுக்குப் பிறகு எனக்குத் தெளிவாத் தெரிஞ்ச சாதனம் அது ஒண்ணுதான்."

அவள் உட்கார்ந்தாள். கட்டில் ஓரத்துத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி. அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல். பொடி கண்ணுக்குள்ளே உண்டாகிறது, அதனால் கண்ணாடி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரேபோலத் தெளிவாக இருக்கும், இதை எங்கோ வாசித்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லையே என்று மெதுவாகச் சொன்னாள். என்னிடமா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. பிறகு எழுந்து மோட்டாருக்குப் போகிற கம்பியைப் பிடுங்கினாள். பொடி திரும்ப வந்தது. அவர் முகம் திரும்பியது.

அதற்குப் பிறகு அவளுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதே ஒரு வேதனை. நல்லதாக்கினதை அவள் கையாலேயே கெட்டதாக்கி வைத்திருக்கிறாள். வருவாள், அண்ணாந்து பார்ப்பாள், பல்லைக் கடிப்பாள். கை தானாகவே கம்பியிடம் போகும். ஏ பிள்ளே, என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும். கையை எடுத்துவிடுவாள். போகப்போக அவர் அவளைச் சீண்டுவதற்கென்றே, இன்னைக்குப் பொடி கொறவு, நேற்றுப்போல இல்ல, என்பார். அவள் பதறிப்போய்ப் பார்ப்பாள்.

துணியை நடுங்கவைத்து அவள் பொடியைப் போக்கின விதத்தைக் கேள்விப்பட்டு, வடக்கே ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். எந்திரத்தோடு வந்து காட்டவேண்டுமாம். இருப்பதோ ஒரு எந்திரம். அவள் அதை எங்களிடம் சொல்வதற்கு எங்கள் படிக்கு வந்துவந்து திரும்பிப் போனாள். அவரே, கொண்டு போ பிள்ளே, எனக்கு என்ன டிவியா முக்கியம், என்றார்.

எந்திரத்தைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கினாள். பழைய பச்சையை மட்டும் வைத்துவிட்டாள், அங்கே புதுப் பச்சை கொடுப்பார்களாம். அதற்கு முன்னால் ஒரு உருண்டைக் கண்ணாடியை ஒட்டி, வெளிச்சம் விரிந்து துணி முழுக்கப் பரவுகிற மாதிரி செய்தாள். ஆடுகிற கண்ணாடி கிடையாது, ஓடுகிற புள்ளி கிடையாது, படமும் கிடையாது. பொடி மட்டும். இத்தனை வருஷம் எதை ஒழிக்கப் பாடுபட்டாளோ, அதைத் தனியாக எடுத்து எங்கள் மச்சில் வைத்துவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

முதல் சில நாட்கள் அவர் தனியாகப் பார்த்தார். பிறகு, நீயும் வந்து கிடந்து பாரு என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து நானும் மல்லாந்தேன். பச்சைப் பொடி கூரை முழுக்க.

"தலைய வலத்தோட்டுத் திருப்பிப் பாரு," என்றார். "எல்லாம் இடத்தோட்டு ஓடுது பாத்தியா?"

திருப்பினேன். எனக்கு வலத்தோட்டுத்தான் ஓடியது. சொன்னேன். சரியாப் பாரு, என்றார். சரியாகத்தான் பார்த்தேன். நீ தலையத் தப்பாத் திருப்புத, என்றார். தலையைத் தப்பாக எப்படித் திருப்புவது என்று நான் கேட்டேன். ஏட்டி, நான் எத்தனை நாளாட்டுப் பாத்துட்டிருக்கேன், நேற்று வந்தவ நீ எனக்குச் சொல்லித்தாறியா என்றார். அன்றைக்குக் கஞ்சி ஆறிப்போகிறவரைக்கும் சண்டை. மறுநாள் கண் விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் பேச்சே, நேத்து நீ சொன்னது தப்பு, என்பதுதான்.

அவள் ஃபோன் செய்தபோது இதைக் கேட்டேன். அவள் நடந்துகொண்டே பேசுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது.

"ரெண்டுபேரும் சொல்லுறது சரிதான் அக்கா. தூரத்துல மங்கலாத் தெரியுற கண்ணுக்கு அது எதிர்ப்பக்கம் ஓடும். உங்க கண்ணு வேற ஜாதி, கூடவே ஓடும்."

அப்படியானால் உனக்கு எந்தப் பக்கம் மக்கா என்றேன்.

"எனக்குக் குறையில்லாத கண்ணாக்கும். எந்தப் பக்கமும் ஓடாது. நின்ன இடத்துலேயே கெடந்து கொதிக்கும்," என்றாள். பிறகு சும்மா இருக்க முடியாமல், அண்ணனுக்குத் தோதா பவர் மாத்தி ஒரு கண்ணாடி, உங்களுக்கு ஒண்ணு, ரெண்டுபேருக்கும் ஒரே பக்கம் ஓடுற மாதிரி செய்யலாம், ஒரு சின்ன வேலதான் என்று தொடங்கினாள்.

அவள் எதைச் சொன்னாலும் சரி மக்கா என்று மட்டுமே சொல்லிப் பழகின வாய் எனக்கு.

"வேண்டாம்," என்றேன். "அத நீ தொடண்டாம்."

உள்ளே கட்டிலிலிருந்து, யாரு அது, அவளா, நான் சொன்னதுதானே சரி, கேட்டியா என்று அவர் கேட்டார். அவளுக்கும் தெரியாதாம் என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தேன்.